ஏழாம் நம்பர் எங்கிருந்து வந்தது

பிப்ரவரி 7

மலைக்கு வந்து சேர்ந்தோம். வழக்கமாக இந்த இடத்தில் ‘சேர்ந்தேன்’ என்று எழுதுவேன். இந்த வானியல் நோக்ககத்துக்குப் பல முறை வந்திருக்கிறேன், எல்லா முறையும் ஒருமையில்தான். இந்த முறை அப்பாவும் வந்திருக்கிறார்.

அவர் வருவதாகத் திட்டமே இல்லை. நேற்று தூத்துக்குடி வீட்டில் நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் இன்னொரு பை. அதன் பக்கத்தில் டிராக் பேன்ட்டும் கழுத்தில் விசிலுமாக அப்பா. ததேயு மாஸ்டர் என்றால் எங்கள் பகுதியில் தெரியாதவர்கள் கிடையாது. காலமெல்லாம் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் வருகிறது, ஓய்வுதான் இன்னும் வரவில்லை.

“நானும் வாரேன்” என்றார்.

“அங்க ஒண்ணும் இருக்காதுப்பா. மலை, காடு, பகல் பூரா தூங்குற ஆளுவ.”

“இங்க மட்டும் என்ன இருக்கு?”

சலேத் சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இந்த நேரத்துல ஒரு பொம்பளப் புள்ள…” என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்தினாள். வாக்கியத்தை முடிக்காமல் விடுவதில் சித்தியை மிஞ்ச ஆள் இல்லை. மீதியை நாம் இரவு முழுக்க ரயிலில் எழுதிக்கொள்ளலாம்.

தொலைநோக்கியில் நேரம் கிடைப்பது லேசான காரியம் இல்லை. விண்ணப்பம் போட்டு அரை வருஷம் காத்திருந்தேன். தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று என் வழிகாட்டி மைதிலி மேடம் பெங்களூரிலிருந்து போனில் சொன்னார். கேட்கவில்லை. இந்தப் பருவத்தை விட்டால் ஏழாம் நம்பர் நட்சத்திரத்தை அடுத்த வருஷம்தான் பார்க்க முடியும், எனக்கு உதவித்தொகை ஜூனோடு முடிகிறது. இது அறிவியல் காரணமும் நிர்வாகக் காரணமும். வேறு காரணம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 8

நோக்ககத்து விடுதியில் மூலைக்கு மூலை ‘பகலில் தூங்குகிறார்கள், சத்தம் போடாதீர்கள்’ என்று பலகை உண்டு. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை. விடியும்வரை வானத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அப்போதுதான் படுத்திருப்பார்கள்.

காலை ஐந்தரைக்கு விசில் சத்தம். பிறகு, “ஒன்… டூ… கைய விறைப்பா வையுங்க!”

வெளியே ஓடினேன். விடுதி முற்றத்தில் சமையல்காரர் எத்திராஜும் இரண்டு தோட்டக்காரர்களும் வரிசையாக நின்று கையை விரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் அப்பா. பக்கத்து அறையிலிருந்து ஒரு விஞ்ஞானி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, தீப்பிடித்துவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். நாங்கள் இருவரும் இதற்கு முன் ஒரு கருத்தரங்கில் அறிமுகமானவர்கள். என் உரையில் தூங்கியவர் அவர். இப்போது கணக்கு நேராகிவிட்டது.

இரவு: வானம் முழுக்க மூட்டம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வாம். பிப்ரவரியில்! கட்டுப்பாட்டு அறையில் தொலைநோக்கி இயக்குபவர் சுகுமாரும் நானும் விடியும்வரை ஈரப்பதமானியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு வருஷ ஆராய்ச்சியில் நான் மிக அதிகமாக உற்றுப் பார்த்த பொருள் அதுதான்.

பிப்ரவரி 9

மதியம் ஒரு மணிக்கு எழுந்து காலை உணவு. சாப்பாட்டு அறையில் அப்பா எனக்கு முன்பே வந்து, எத்திராஜோடு சிநேகமாகிவிட்டிருந்தார்.

“இன்னா மேடம், இந்த வாட்டி அப்பாவ இட்டுனு வந்துட்டீங்க! அம்மா வர்லியா?” என்றார் எத்திராஜ்.

“அவ வரல” என்றார் அப்பா.

நான் உப்பு கேட்டேன். சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது. கேட்டுவிட்ட பிறகு போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியுமா? சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

எத்திராஜ் உள்ளே போனதும் அப்பா, “நீ அப்படி என்னதாம்ட்டி தேடுத?” என்றார். ஏழு வருஷத்தில் முதல் முறையாகக் கேட்கிறார். பரவசமாகிவிட்டேன். இட்லித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வகுப்பு எடுத்தேன்.

“வானத்துல சில இடத்துல நட்சத்திரமெல்லாம் பந்து மாதிரி உருண்டையாக் கூட்டமா இருக்கும்பா. லட்சக்கணக்குல. கோளகக் கொத்துன்னு பேரு. எல்லாம் அங்கனயே பொறந்து வளந்ததுவ. அதுல சிலது நெருக்கடியில தெறிச்சு வெளிய ஓடிரும். ஓடுனது எதுன்னு கண்டுபிடிச்சு, எந்தக் கொத்துலேருந்து ஓடுச்சுன்னு சொல்லணும். அதுதான் என் சோலி.”

“எப்படிக் கண்டுபிடிப்ப? மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கா?”

“எழுதித்தான்பா இருக்கு! சாதாரண நட்சத்திரத்துல இருக்கிறதவிட அதுல நைட்ரஜன் ரொம்ப சாஸ்தியா இருக்கும். கொத்துக்குள்ள பொறந்ததுக்குத்தான் அப்படி. தெருவுல ஒரு பய தனியாத் திரியுதான், ஆனா யூனிபார்ம் போட்டிருக்கான்னா, ஏதோ ஸ்கூல்லேருந்து கட் அடிச்சிட்டு வந்திருக்கான்னு தெரிஞ்சிருதுல்லா? அப்படி. அப்புறம் அது போற வேகத்தையும் திசையையும் அளந்து, கம்ப்யூட்டர்ல காலத்தப் பின்னால ஓட்டிப் பாத்தா, எந்த ஸ்கூல் கேட்டுல போயி நிக்குதுன்னு தெரியும்.”

என் பட்டியலில் இருபது நட்சத்திரங்கள். அதில் ஏழாம் நம்பர்தான் என் செல்லம். பளிச்சென்று இருக்கும், நைட்ரஜன் கொட்டிக் கிடக்கும், பின்னால் ஓட்டினால் சமர்த்தாக ஒரு கொத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயம் அதன் பெயரில்தான். மே மாதம் புனேயில் நடக்கும் கருத்தரங்கிலும் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. அதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஜோடி ஏதும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஜோடி இருந்தால் நட்சத்திரம் முன்னும் பின்னும் ஆடும், வேகம் மாறும். மூன்று வருஷத்துக்கு முன் அளந்த வேகமே இப்போதும் வந்தால் முடிந்தது விஷயம்.

இதையெல்லாம் அப்பா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“ஏழாம் நம்பர்னா ஃபுட்பால்ல விங்குல ஆடுறதா?”

இட்லி ஆறிப்போயிருந்தது.

பிப்ரவரி 10

மேகம். அப்பாவின் உடற்பயிற்சி வகுப்பில் இப்போது காவலாளிகளும் சேர்ந்துவிட்டார்கள். என் ஆராய்ச்சியைவிட அவருடையது வேகமாக வளர்கிறது.

பிப்ரவரி 11

நேற்றிரவு கொஞ்ச நேரம் வானம் திறந்தது. ஏழாம் நம்பரைப் பிடித்தோம். அதன் ஒளியைப் பிரித்துப் பதிவு செய்தாயிற்று. ஆனால் மூட்டத்தின் ஊடே எடுத்தது, சத்தத்துக்கு நடுவே பேச்சு கேட்பதுபோல இருக்கிறது. வேகத்தை நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. இன்னொரு நல்ல இரவு வேண்டும்.

மேடத்தின் உத்தரவுப்படி பதினொன்றாம் நம்பரையும் எடுத்தேன். ஒப்புக்குத்தான். அது மங்கலான, சோகையான நட்சத்திரம். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது உள்ளறையில் இருக்கச் சொல்லும் ரகம். எனக்கு அந்த அனுபவம் உண்டு என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

மாலையில் அம்மாவின் போன் அடித்தது. வங்கியிலிருந்து ஓ.டி.பி. வரும் என்பதால் அது என்னிடம் இருக்கிறது. அதற்காக மட்டும்தான் எடுத்து வந்தேன். அறையில் ஜன்னல் ஓரத்தில்தான் சிக்னல் கிடைக்கும், அதனால் அங்கே வைத்திருந்தேன். திரையில் ‘மாஸ்டர்’ என்று வந்தது. அம்மா அப்பாவின் பெயரை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். தூரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார், எனக்கு முதுகைக் காட்டி.

கை தவறிப் பட்டிருக்கும்.

பிப்ரவரி 12

சலேத் சித்தி அழைத்தாள். இந்த முறை வாக்கியங்களை முடித்தாள்.

“அக்கா குழியில மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள மச்சானையும் கூட்டிக்கிட்டு மலையேறிட்டிய. வீட்டுக்கு வாரவுகளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? முப்பதாம் நாள் பூசைக்காவது வருவியா, இல்ல அன்னைக்கும் நட்சத்திரம் பாக்கணுமா?”

“பத்தொன்பதாம் தேதிக்கு முன்னாடியே வந்துருவோம் சித்தி.”

“பெத்த தாயி செத்தா ஊரு உலகத்துல எல்லாரும் அழுவாக. நீ ஒரு சொட்டு விட்டியாளா? வந்தவுகளுக்கு நாற்காலி போட்டுக்கிட்டுத் திரிஞ்ச.”

உண்மைதான். அன்று நாற்காலிகள் போதவில்லை. யாராவது பார்க்கத்தானே வேண்டும்?

சரி, எழுதிவிடுகிறேன். அம்மா பெயர் பிரகாசி. ஜனவரி இருபத்தொன்று விடியற்காலையில் மாரடைப்பு. நான் பெங்களூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டு வைத்திருந்தார்கள். அம்மா பவுடரே போடமாட்டாள். இத்தனை பக்கத்தில் இது ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் கவனித்தேன். ஈரப்பதமானியைப் பற்றி ஒரு பத்தியே இருக்கிறது.

இரவு மேகம்.

பிப்ரவரி 13

தினமும் மாலை காபி ஆனதும் அப்பா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகிறார். அம்மாவின் போன் அடிக்கிறது. முழுக்க அடித்து ஓய்கிறது. அவர் திரும்பி வருகிறார். எத்திராஜுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறார்.

இன்று என் போனில் சார்ஜ் இல்லாததால் அம்மாவின் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போயிருந்தேன். அங்கே சிக்னல் கிடையாது. அப்பா தொட்டிப் பக்கம் போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. எத்திராஜ் வெங்காயத்தை நீட்டியபோது, “இன்னைக்கு வேண்டாம்யா” என்று அறைக்குப் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

நான் மரமண்டை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் ஓடிப்போன நட்சத்திரத்தின் வழியைக் கணக்குப் போடத் தெரிகிறது, தொட்டிக்குப் பின்னால் நிற்கும் மனிதர் எதற்கு நிற்கிறார் என்று தெரிய இத்தனை நாள் ஆகியிருக்கிறது. அம்மா தன் போனுக்கு மாதா பாட்டு ஒன்றைக் காலர் டியூனாக வைத்திருந்தாள். யார் கூப்பிட்டாலும் அவள் எடுக்கும்வரை அந்தப் பாட்டு கேட்கும். அந்தப் பாட்டைக் கேட்கவே கூப்பிடுகிறோம் என்று சொல்லுமளவுக்கு அவள் தாமதமாகத்தான் எடுப்பாள்.

போனை ஜன்னலில் வைத்துவிட்டேன். இனி நகர்த்தமாட்டேன். காலர் டியூன் சந்தா முடியப் போகிறது என்று குறுஞ்செய்தி வந்திருந்தது. ஒரு வருஷத்துக்குக் கட்டிவிட்டேன். வங்கி ஓ.டி.பி.க்காக எடுத்து வந்த போன், பணம் கட்டவும் ஓ.டி.பி. அதில்தானே வந்தது.

பிப்ரவரி 14

அற்புதமான இரவு. மேகம் துடைத்தெடுத்ததுபோலக் கலைந்துவிட்டது. ஏழாம் நம்பரை நீண்ட நேரம் பதிவு செய்தோம். சுகுமார்கூட, “சூப்பர் டேட்டா மேடம், பார்ட்டி வெச்சிரலாம்” என்றார். எத்திராஜிடம் கேசரி செய்யச் சொன்னேன்.

மதியம் எழுந்ததும் வேகத்தைக் கணக்கிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்பிருந்ததோடு பொருந்தவில்லை.

கருவியில் பிழை இருக்கும். மறுபடி செய்கிறேன்.

மறுபடி செய்தேன். அளவுகோலாக எடுத்த விளக்கின் கோடுகளைச் சரிபார்த்தேன். பூமி சுற்றிவரும் வேகத்துக்கான திருத்தத்தைச் சரிபார்த்தேன். வேகம் தெரிந்த வேறு நட்சத்திரம் ஒன்றை அளந்து பார்த்தேன். அது அப்பழுக்கில்லாமல் வந்தது, சனியன்.

கேசரி நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 15

வேகம் மாறியிருக்கிறது. நல்ல மாற்றம், பிழைக்குள் அடங்காத மாற்றம். எத்தனை தடவை போட்டாலும் அதே விடை. ஏழாம் நம்பருக்கு ஜோடி இருக்கிறது. அது எந்தக் கொத்திலிருந்தும் ஓடிவந்தது அல்ல. நானாகக் கட்டிவிட்ட கதை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று காலை முழுக்க யோசித்தேன். மூட்டத்தில் எடுத்த பதிவை மட்டும் வைத்துக்கொண்டு ‘மாற்றம் தென்படவில்லை’ என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. அந்த வாக்கியம் பொய்கூட இல்லை. அதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் நன்றாக இருந்தன. எனக்கு நல்ல நடை கைவரும் தருணங்கள் இப்படித்தான் அமைகின்றன. பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மேடத்தை அழைத்தேன்.

“எத்தன தடவ செக் பண்ணின?” என்றார்.

“இனிமே செக் பண்ண ஒண்ணும் மிச்சமில்ல மேடம்.”

“அப்போ அது உண்மை.”

“மெயின் சாப்டரே அதுதான். புனேக்குத் தலைப்பு அனுப்பியாச்சு.”

“தெரியும். தலைப்ப மாத்து. நீயே கண்டுபிடிச்ச ஜெசிந்தா, வேற எவனோ கண்டுபிடிச்சு மேடையில எழுந்து நின்னு கேக்கல. சந்தோஷப்படு.”

சந்தோஷப்பட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு.

மாலை, விடுதிப் படிக்கட்டில் அப்பா காபியோடு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் வைத்திருந்தார்.

“ஏழாம் நம்பருக்கு என்னாச்சு? மூஞ்சி இப்படி இருக்கு?”

“அது கொத்துலேருந்து வரலப்பா. யூனிபார்ம் அதோடது இல்ல. அதுக்குக் கூட ஒண்ணு இருந்திருக்கு. அது குடுத்தது.”

“தனியாத் திரியுதுன்னுல்லா சொன்ன?”

“கூட இருக்கிறது கண்ணுக்குத் தெரியாதுப்பா. அது செத்த நட்சத்திரம். சாகுறதுக்கு முன்னாடி தங்கிட்ட இருந்ததையெல்லாம் இதுமேல கொட்டிட்டுப் போயிருச்சு. அந்த நைட்ரஜன்தான் நான் பாத்தது.”

“செத்தது இன்னும் அங்கனயேதான் இருக்கா?”

“ஆமா. சின்னதா, கனமா.”

“இது அத சுத்திக்கிட்டே கெடக்கா?”

“ஆமாப்பா. அதுனாலதான் ஆடுது.”

அவர் காபியைக் குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார். கேட்பவர் யார் என்று பார்த்துப் பேச வேண்டும் என்று மேடம் எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! நான் நட்சத்திரத்தைப் பற்றி மட்டும்தான் பேசினேன். கடவுள் சத்தியமாக.

டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “அவ போனு ஒங்கிட்டதான இருக்கு?” என்றார்.

“ஆமா.”

“நான் அடிக்கிறது கேக்குமா?”

“கேக்கும்.”

“தெனமுமா?”

“தெனமும்தான்.”

“நீ எடுக்கவே இல்லையேட்டி.”

“எடுத்தா பாட்டு நின்னுரும்லாப்பா.”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பள்ளிக்கூடத்தையே விசிலால் நிற்கவைத்த மனிதரின் தோள் குலுங்கியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலி எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பூசைக்கு நேரமாச்சுன்னு கத்துவா” என்றார் அப்பா. “கத்துறத நிறுத்தமாட்டாளான்னு இருக்கும். இப்ப வீட்டுல ஒரு சத்தமும் இல்ல பாத்துக்கோ. அதான் ஒங்கூட வந்தேன். மலைய பாக்கவா வந்தேன்?”

“நானும் நட்சத்திரத்தப் பாக்க மட்டும் வரலப்பா” என்றேன்.

எத்திராஜ் வெங்காயக் கூடையோடு வெளியே வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே பின்னால் நடந்து உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 17

நேற்று கடைசி இரவு. ஏழாம் நம்பரை எடுக்க ஒன்றும் இல்லை. அதனால் இரவு முழுவதையும் பதினொன்றாம் நம்பருக்குக் கொடுத்தேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, என் கையில் வேறு ஆள் இல்லை. மங்கலான நட்சத்திரம், அதனால் பதிவு மிக மெதுவாக ஏறும். அப்பா பார்வையாளர் அனுமதி வாங்கிக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தார். விசிலைச் சுகுமார் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்.

“இதுல எது நட்சத்திரம்?” என்று அப்பா திரையைக் காட்டிக் கேட்டார். கோணல்மாணலான கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தக் கோடுதான்.”

“இதுக்கா ஏழு வருஷம்?” என்றவர் சிறிது நேரத்தில் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். குறட்டை விட்டார். அம்மா போனதிலிருந்து அவர் தூங்கி நான் கேட்கவில்லை. சுகுமார் சத்தமில்லாமல் போய் ஒரு போர்வை கொண்டுவந்தார்.

பதினொன்றின் வேகம், பழைய அளவீடுகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அசையவில்லை. ஜோடி இருப்பதற்கான அறிகுறி எதுவுமில்லை. நான் எதுவும் எழுதப்போவதில்லை. ஒருமுறை சூடுபட்டாயிற்று.

கிளம்பும்போது எத்திராஜ் அப்பாவிடம், “நாளைலேருந்து எக்ஸர்சைஸ் யாரு சார் சொல்லித் தருவாங்க?” என்று கேட்டார். அப்பா காவலாளிகளில் ஒருவரைத் தலைவராக நியமித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். போர்வை விஞ்ஞானி ஜன்னலிலிருந்து கை அசைத்தார். விடைபெறும் கையா, நிம்மதியின் கையா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 19

காலையில் முப்பதாம் நாள் பூசை. கோயில் நிறைய ஆட்கள். பிறகு கல்லறைக்குப் போய்ப் பூ வைத்தோம். மண் காய்ந்து வெளுத்திருந்தது. சித்தி சத்தமாக அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகைக்கு நடுவே ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். எனக்கு வரவில்லை. சித்திக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும், இருந்தாலும் கையை உதறவில்லை.

வீட்டில் சாப்பாட்டின்போது ஒரு மாமா, “போன காரியம் முடிஞ்சுதாம்மா?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். எதற்குப் போனாய் என்பதன் நாகரிகமான வடிவம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா இலையிலிருந்து நிமிராமலே சொன்னார்: “நான்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். எனக்கு வீட்டுல இருக்க முடியல.”

இது உண்மையில்லை. நான்தான் முதலில் பையைத் தூக்கியவள். ஆனால் சித்தி பாயச வாளியோடு வந்து முதலில் எனக்கு ஊற்றினாள். அத்தனை பெரியவர்கள் இருந்த பந்தியில் எனக்கு முன்னுரிமை கிடைத்தது இதுதான் முதல்முறை.

பிப்ரவரி 24

பெங்களூருக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வேலை. சாப்பாட்டு மேசையில் கணினி. பதினொன்றாம் நம்பரைப் பின்னால் ஓட்டினேன். அளவீட்டில் உள்ள பிழைகளுக்கேற்ப ஆரம்ப எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, திரும்பத் திரும்ப ஓட்டவேண்டும். கணினியின் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. அப்பா இரண்டு முறை வந்து அதற்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

முடிவு வந்துவிட்டது. பெரும்பாலான ஓட்டங்களில் அது ஒரே கொத்துக்குள் போகிறது. பக்கத்தில் இல்லை, உள்ளே. நான் இதுவரை கணக்கிலேயே எடுக்காத, தென்வானத்துச் சின்னக் கொத்து ஒன்று. அதிலுள்ள நட்சத்திரங்களின் ரசாயனத்தைப் பழைய கட்டுரைகளில் தேடி எடுத்து ஒப்பிட்டேன். நைட்ரஜன், சோடியம், அலுமினியம் எல்லாம் ஒரே வீட்டு ஜாடை.

மேடத்துக்கு அனுப்பினேன். அரை மணியில் ஒரே வரியில் பதில்: ‘இதை நம்புகிறேன்.’ ஏழாம் நம்பரின்போது அவர் ‘சுவாரஸ்யமாக இருக்கிறது’ என்றுதான் எழுதியிருந்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இன்றுதான் உறைத்தது.

ஏழாம் நம்பரையும் விடவில்லை. ‘தப்பி வந்ததாகத் தோன்றி ஏமாற்றும் நட்சத்திரம்’ என்று அதற்கும் ஒரு சிறிய அத்தியாயம் வைக்கிறேன். ஏமாந்தவளே எழுதினால் விவரம் சரியாக இருக்கும்.

மார்ச் 3

புனேயிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மாற்றிய தலைப்பை ஏற்றுக்கொண்டார்கள். பேச்சு நேரத்தையும் கூட்டித் தந்திருக்கிறார்கள்.

இப்படி ஏதாவது வந்தால் முதலில் அம்மாவுக்குத்தான் சொல்வேன். தலைப்பு என்ன, என்ன கண்டுபிடித்தாய் என்றெல்லாம் அவள் கேட்டதே கிடையாது. டெல்லி, நைனிடால், ஒருமுறை ஜெர்மனி, எங்கே போவதாகச் சொன்னாலும் அவளுக்கு ஒரே கேள்விதான்: சாப்பாடு அவர்களே போடுவார்களா? எனக்கு எரிச்சலாக வரும். போனமுறை, “சாப்பிடவாம்மா போறேன்?” என்று வள்ளென்று விழுந்தேன். “பின்ன, பட்டினி கெடக்கவா போற?” என்றாள்.

மின்னஞ்சலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கணினி முன்பே உட்கார்ந்திருந்தேன். பிறகு பின்கட்டுக்குப் போனேன். அப்பா துணி அலசிக்கொண்டிருந்தார். இதுவரை அந்தத் துவைகல்லுக்குப் பக்கத்தில் போகாத மனிதர், இப்போது சட்டைக் காலரைத் தேய்ப்பதில் பந்தயத்துக்குத் தயாராகிறவர்போல மும்முரமாக இருந்தார்.

“யப்பா, புனேயில பேசக் கூப்பிட்டிருக்காக.”

“எந்த நம்பரு?”

“பதினொண்ணு.”

“ம்” என்றார். சட்டையைப் பிழிந்தார். உதறினார். கொடியில் போட்டார். போட்டுவிட்டு அதன் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்:

“சாப்பாடு அவுகளே போடுவாகளா?”

போடுவார்கள் என்றேன். மூன்று வேளையும் என்றேன். மீன் இருக்குமா தெரியவில்லை என்றேன். அவர் அப்போதுதான் கொடியில் போட்ட சட்டையை எடுத்து, ஈரத்தோடு மடித்துக்கொண்டு நின்றேன். அவர் தடுக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிழிந்து என்னிடம் நீட்டினார், நான் ஒவ்வொன்றாக மடித்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு துணியும் காயவில்லை.